என்ட்விசில் கையில் இருப்பது என்ன பேஸ்?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். தி ஹூ குழுவின் 1970களின் தொடக்கக் கச்சேரிப் படம் ஒன்றில் ஜான் என்ட்விசில் வாசிக்கும் பேஸ் கிட்டாரின் உடல் கிப்சன் தண்டர்பேர்ட் மாதிரி இருக்கிறது, தலை ஃபெண்டர் மாதிரி இருக்கிறது. அப்படி ஒரு மாடல் எந்த கேட்லாக்கிலும் இல்லையே, இது என்ன? பொதுவாகவே அந்தக் கால ராக் கலைஞர்கள் சொல்லிச் செய்துகொண்ட பேஸ்களை எப்படி அடையாளம் காண்பது?

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். நீங்கள் பார்த்தது சரிதான். உடலும் பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) கிப்சன் தண்டர்பேர்ட், கழுத்தும் தலையும் ஃபெண்டர் பிரசிஷன்; கிப்சன், ஃபெண்டர் இரண்டும் கிட்டார் நிறுவனங்கள். ரசிகர்கள் இதை 'ஃபெண்டர்பேர்ட்' என்பார்கள். லண்டனில் கிட்டார் செய்துகொண்டிருந்த பீட்டர் குக் அவருக்குச் செய்து கொடுத்தது. (அதே பெயரில் ஒரு பிரபல நகைச்சுவை நடிகர் இருந்தார். தேடினால் முதலில் அவர்தான் வந்து நிற்பார், குழம்ப வேண்டாம்.) ஒன்று மட்டுமில்லை, இந்த வகையில் பல இருந்தன. ஏன் இப்படி ஒரு ஒட்டு என்றால், தண்டர்பேர்டின் குரல் கனமானது, ஆனால் அதன் தலை கீழே விழுந்தால் முறிந்துபோவதற்குப் பேர்போனது. ஃபெண்டர் கழுத்து அப்படியில்லை, முரட்டுத்தனமாக உழைக்கும். என்ட்விசில் கை வேறு பிரசிஷனிலேயே பழகிய கை. இரண்டிலும் கம்பியின் நீளம் ஒன்றேதான், 34 அங்குலம். அதனால் ஒன்றின் கழுத்தை இன்னொன்றில் மாட்டினால் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) கணக்கு உதைக்காது. இதையே கிப்சன் ஈபி-3 உடலில் செய்திருந்தால் தலைவலிதான், அதன் நீளம் 30.5 அங்குலம்.

இரண்டாவது பாதிதான் எனக்குப் பிடித்த விஷயம். பல வருடம் தப்புத் தப்பாக அடையாளம் சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொண்டது இது. "இவர் எந்த பேஸ் வாசித்தார்?" என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தப்பான பதில்தான் வரும். "இவர் இந்த வருடம் எந்த பேஸ் வாசித்தார்?" என்று கேட்டால் விடை பக்கத்தில் வந்துவிடும். அந்தக் கலைஞர்கள் ஒரு கிட்டாரை வாங்கி அப்படியே வைத்திருந்தவர்கள் இல்லை. வர்ணத்தைச் சுரண்டுவார்கள், உடலில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பை அறுப்பார்கள், பிக்கப்பை மாற்றுவார்கள். நாம் 'ஸ்பெஷலாகச் செய்தது' என்று நினைப்பதில் பெரும்பங்கு தொழிற்சாலையில் செய்து, பிறகு யாரோ ரம்பம் வைத்தது.

என்ட்விசிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து, கைவசம் இருந்த ஐந்து பிரசிஷன் பேஸ்களின் பாகங்களைச் சேர்த்து ஒரே பேஸாக்கினார். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சால்டரிங் அயர்ன், இரண்டு மணி நேர வேலை. பெயர் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 1970 பிப்ரவரியில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து இசைத்தட்டாக வந்த அந்தக் கச்சேரியில் கேட்பது அதன் குரல்தான். அப்புறம் ஃபெண்டர்பேர்டுகள். 1970களின் நடுவில் அலெம்பிக் நிறுவனம் அவருக்காகச் செய்த, கிப்சன் எக்ஸ்ப்ளோரர் வடிவ பேஸ்கள் வருகின்றன. 1980களின் நடுவில் ஜெர்மனியின் வார்விக் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த, பறவை இறக்கை விரித்த மாதிரியான 'பஸ்ஸார்ட்'. பிறகு அதே பஸ்ஸார்ட் வடிவத்தை ஸ்டேட்டஸ் நிறுவனம் கிராஃபைட்டில் செய்து கொடுத்தது. ஆக, வருடம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அவர் 2002இல் இறந்த பிறகு, அடுத்த ஆண்டு லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் ஃபிராங்கன்ஸ்டைன் 62,400 பவுண்டுக்குப் போனது. ஐந்து கிட்டாரின் மிச்சத்துக்கு நல்ல விலைதான்.

வருடம் தெரியாத படத்தில் எங்கே பார்ப்பது? எல்லோரும் உடல் வடிவத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது தலை. வடிவத்தை எவன் வேண்டுமானாலும் நகல் எடுப்பான், தலையில்தான் செய்தவரின் கையெழுத்து இருக்கும். சுருதி கூட்டும் கீக்களை எண்ணுங்கள். நாலும் ஒரே பக்கம் வரிசையாக நின்று, நுனியில் உருண்டை மாதிரி முடிந்தால் ஃபெண்டர் வகை. மூன்று ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம் என்றால் 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே வகை. இரண்டுக்கு இரண்டு என்றால் கிப்சன் ஈபி-3, ரிக்கன்பேக்கர், அலெம்பிக் என்று பல பேர். அதில் ரிக்கன்பேக்கர் தலை கடல் அலை சுருண்டு எழுகிற மாதிரி இருக்கும், ஒரு தடவை பார்த்தால் மறக்காது. தலைக்கு அடுத்தது பிக்கப்: எத்தனை, எங்கே உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது, கழுத்தில் பதித்திருக்கும் புள்ளியா, கட்டமா, முக்கோணமா என்பது. உடல் வடிவம் கடைசி.

இந்தப் பிக்கப் எண்ணும் விஷயத்தில் நான் வாங்கிய அடி ஒன்று. லெட் செப்பெலினின் 1977 அமெரிக்கச் சுற்றுப்பயணப் படங்களில் ஜான் பால் ஜோன்ஸ் கையில் பளபளக்கும் மரத்தில் ஒரு பேஸ் இருக்கும். அதற்கு முந்தைய வருடங்களில் அவர் அதிகம் வாசித்தது 1960களின் தொடக்கத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸ். இந்தப் புது பேஸில் மூன்று பிக்கப் இருக்கிறது என்று நான் எண்ணிச் சொன்னேன், மூன்று பிக்கப் வைத்த பேஸ்களையெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். அது அலெம்பிக். நடுவில் இருப்பது பிக்கப்பே கிடையாது. அலெம்பிக்கின் உயர்வகை பேஸ்களில் இரண்டு பிக்கப்தான். ஒற்றைச் சுருள் பிக்கப்பாகையால் மின்சார இரைச்சலையும் சேர்த்து வாங்கும். அதை அடக்க நடுவில் காந்தமில்லாத ஒரு சுருளைத் தனியாக வைத்தார்கள். கம்பி அதிர்வது அதற்குக் கேட்காது, இரைச்சல் மட்டும் கேட்கும். அந்த இரைச்சலைத் தலைகீழாகத் திருப்பிக் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், சத்தம் சுத்தமாக வரும். ஆக, ஒரே மாதிரி மூன்று கறுப்புச் செவ்வகம் தெரிந்தால் மூன்று பிக்கப் என்று எண்ணாதீர்கள், அலெம்பிக் என்று சந்தேகப்படுங்கள்.

அலெம்பிக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கலைஞருக்காகச் செய்த பேஸ்' என்ற எண்ணமே பெரிய அளவில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1969இல் கலிஃபோர்னியாவில், கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஒலி வேலைகளைச் சுற்றி உருவான கூட்டம் அது. ரான் விக்கர்ஷாம் மின்னணு வேலை, ரிக் டர்னர் மர வேலை. முதலில் மற்றவர்களின் கிட்டார்களைப் பிரித்து உள்ளே மாற்றினார்கள். அந்தக் குழுவின் ஃபில் லெஷ் வைத்திருந்த கில்டு ஸ்டார்ஃபயர் அப்படி மாற்றப்பட்டதுதான். வெளியே பார்த்தால் உள்ளீடற்ற சாதாரண கில்டு, உள்ளே சர்க்யூட் எல்லாம் வேறு. அப்புறம் சொந்தமாகவே செய்ய ஆரம்பித்தார்கள். அலெம்பிக்கின் முதல் பேஸ் ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் ஜாக் கசாடிக்குப் போனது. 1974இல் கிரேட்ஃபுல் டெட் மேடைக்குப் பின்னால் மலை மாதிரி ஸ்பீக்கர்களை அடுக்கி வாசித்த காலத்தில், லெஷ் வைத்திருந்த அலெம்பிக்கில் நாலு கம்பியின் ஒலியையும் நாலு தனித்தனி ஸ்பீக்கர் அடுக்குகளுக்கு அனுப்ப முடியும். உடல் முழுக்கக் குமிழும் ஸ்விட்சுமாக இருக்கும் பேஸைக் கண்டால் அதுதான்.

கிட்டப் பார்த்தால் அலெம்பிக்கின் அடையாளங்கள் இவை: கழுத்து தனியாகத் திருகப்படாமல் உடலின் அடிவரை ஒரே துண்டாக ஓடும், அதில் வெவ்வேறு நிற மரங்கள் கோடு கோடாகத் தெரியும், கம்பிகளை உடல் பக்கம் தாங்கும் பிரிட்ஜும் தலைப்பக்கம் தாங்கும் நட்டும் பித்தளை, தலையில் பதித்த உலோகச் சின்னம். இன்னொன்று, வயர். பல அலெம்பிக்குகளுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும் என்பதால் ஐந்து முள் உள்ள தடித்த கேபிள் போகும். மேடைப் படத்தில் பேஸிலிருந்து மைக் வயர் மாதிரி ஒன்று தொங்கினால் கவனியுங்கள்.

ரிக்கன்பேக்கர் கதை வேறு. அது எல்லார் கையிலும் இருந்தது, அதனால் 'ரிக்கன்பேக்கர்' என்று மட்டும் சொல்வது அடையாளமே இல்லை. யாருடைய ரிக்கன்பேக்கர் என்பதுதான் கேள்வி. யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயர் வைத்திருந்தது, இங்கிலாந்துக்கு ஏற்றுமதிக்காகச் செய்த 1999 என்ற மாடல். 1960களின் நடுவில், வாத்தியக் கடையில் வேலை பார்த்தபோது வாங்கியது. ஒரு காலத்தில் மேலே பூப்போட்ட சுவர்க் காகிதம் ஒட்டியிருந்தார். பிறகு அதைச் சுரண்டி, மறுபடி வர்ணம் பூசி என்று பல தடவை செய்ததில் மரமே தேய்ந்து மெலிந்துவிட்டது. கடைசியில் பாலாடை நிறம். கழுத்தில் புள்ளிகள், விளிம்பில் கரை இல்லை. ரஷ் குழுவின் கெடி லீயின் 1973 கறுப்பு 4001 மாடலைப் பாருங்கள்: கழுத்தில் முக்கோணங்கள், உடலைச் சுற்றிக் கரை. புள்ளியா முக்கோணமா, கரை உண்டா இல்லையா, இந்த இரண்டு கேள்வியிலேயே இவை பிரிந்துவிடும். 1970களில் ஜப்பானிலிருந்து வந்த நகல்களையும் இப்படிப் பிரிக்கலாம். அசல் ரிக்கன்பேக்கரில் கழுத்து உடலுக்குள்ளேயே ஓடும். நகல்கள் பலவற்றில் பின்பக்கம் நாலு திருகு போட்டு மாட்டியிருக்கும்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் ரிக்கன்பேக்கர் இடதுகைக்காரருக்கானது. ஆனால் தலை மட்டும் வலதுகைத் தலை. அந்த அலை தலைகீழாகச் சுருளும். ஓரமாகத் தெரியும் தலையை மட்டும் வைத்தே அது அவருடையது என்று சொல்லிவிடலாம். அந்த ஒரே பேஸை நான்கு வெவ்வேறு பேஸ் என்று நினைத்தவர்கள் உண்டு. 1965இல் கைக்கு வந்தபோது சிவப்பு மங்கிப் பரவும் நிறம். 1967இல் மேலே வர்ணம் சொட்டச் சொட்டப் பூசி சைகடெலிக் ஆக்கினார். 1960களின் இறுதியில் எல்லாவற்றையும் தேய்த்து மரநிறத்துக்குக் கொண்டுவந்தார். 1970களின் தொடக்கத்தில் கூரான கொம்புகளையும் மழுக்கிவிட்டார். விங்ஸ் குழுவின் 1976 படங்களில் அது ரிக்கன்பேக்கர் மாதிரியே இருக்காது. ஆள் அதேதான், மரம் அதேதான், வருடம்தான் வேறு.

அவருடைய வயலின் வடிவ ஹோஃப்னர்கள் இரண்டு, இவற்றைக் குழப்பாதவர்களே குறைவு. 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கியதில் இரண்டு பிக்கப்பும் கழுத்துப் பக்கமாக நெருங்கி உட்கார்ந்திருக்கும். 1963இல் வந்ததில் ஒன்று கழுத்துப் பக்கம், இன்னொன்று பிரிட்ஜ் பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம், கறுப்பு வெள்ளைப் படத்திலும் தெரியும். 1963 பேஸில் இன்னும் சுவையான தடயங்கள் உண்டு. 1966இல் பீட்டில்ஸின் கடைசிச் சுற்றுப்பயணத்தில் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று எழுதி மேல்விளிம்பில் ஒட்டிய துண்டுக் காகிதம் அதிலேயே தங்கிவிட்டது. 1969 ஜனவரிப் படங்களில் 'பாஸ்மேன்' என்று ஒரு ஸ்டிக்கரும் முகப்பில் இருக்கும்.

1961 பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது வருடத்துக்கு மேல் காணவில்லை. 2024 பிப்ரவரியில் அது கிடைத்துத் திரும்ப வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இத்தனை வருடம் கழித்து ஒரு ஹோஃப்னர் வந்து நின்றால் அது அதுதான் என்று எப்படிச் சொல்வது? அந்த மாடலில் எத்தனையோ செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஒன்று 1964இல் பழுதுபார்க்கப் போனபோது மறுபடி வர்ணம் பூசி, இரண்டு பிக்கப்பையும் ஒரே மரச்சட்டத்துக்குள் வைத்து மாட்டினார்கள். தொழிற்சாலையில் அப்படிச் செய்யவில்லை. யாரோ ஒருவர் அன்று பார்த்த ரிப்பேர் வேலைதான் இன்று அதற்குக் கைரேகை. கிப்சன் ஈபி-1ஐயும் வயலின் வடிவம் என்பதால் சிலர் இதோடு சேர்ப்பார்கள். அதில் வயலின் துளைகள் வர்ணத்தில் வரைந்தவை, உள்ளே கெட்டி மரம். ஹோஃப்னரில் துளையே இல்லை, ஆனால் உள்ளே வெற்றிடம்.

கோடாரி வடிவம், மூன்று கழுத்து மாதிரியானவை கண்டுபிடிக்க எளிது, அதனால் சுவையும் குறைவு. கிஸ் குழுவின் ஜீன் சிம்மன்ஸின் கோடாரியை க்ரேமர் நிறுவனம் 1980இல் குறைந்த எண்ணிக்கையில் செய்து விற்கவும் செய்தது, எனவே கோடாரியைக் கண்டதும் அவருடையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்கொயர் 1977இல் எடுத்து வாசித்த 'வால்' (Wal) நிறுவனத்தின் மூன்று கழுத்து பேஸ் அவருக்காகச் செய்ததே இல்லை. ரிக் வேக்மன் குழுவில் இருந்த ரோஜர் நியூவலுக்காகச் செய்தது. முகப்பு முழுக்க உலோகத் தகடும் அதில் துப்பாக்கியில் செதுக்குகிற மாதிரி கொடிவேலையும் இருந்தால் லண்டனின் டோனி ஸெமெய்ட்டிஸ் கைவேலை. அந்தச் செதுக்கலைச் செய்த டேனி ஓ'பிரையன் உண்மையிலேயே துப்பாக்கிகளுக்குச் செதுக்கிக்கொண்டிருந்தவர். ஃபேசஸ் குழுவின் ரானி லேன் ஸெமெய்ட்டிஸ் பேஸ் வைத்திருந்தார். தின் லிஸியின் ஃபில் லைனட் கையில் இருப்பது வெறும் கறுப்பு பிரசிஷன்தான், பிக்கார்ட் (உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடு) மட்டும் கண்ணாடி. மேடை விளக்கைக் கூட்டத்தின் மேல் திருப்பிவிடுவார்.

ரம்பம் வைத்த கதையில் பில் வைமனை விடக்கூடாது. 1961இல், ரோலிங் ஸ்டோன்ஸில் சேருவதற்கு முன்பே, மலிவாக வாங்கிய ஒரு பேஸின் உடலை அறுத்துச் சிறிதாக்கினார். தேய்ந்த ஃப்ரெட்களைப் பிடுங்கினார். புதிது போடலாம் என்றுதான் பிடுங்கினார், வாசித்துப் பார்த்தால் அப்படியே நன்றாக இருந்தது, விட்டுவிட்டார். தொடக்ககாலப் படங்களில் கழுத்தில் ஃப்ரெட் தெரியவில்லையே, படம் மங்கலோ என்று நினைக்க வேண்டாம். இல்லாததால்தான் தெரியவில்லை.

படத்தை நம்புவதற்கு முன் சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். படம் இடவலமாகப் புரட்டி அச்சாகியிருக்கலாம். டிரம்மில் எழுத்து இடவலம் மாறி இருக்கிறதா, ஆம்ப்ளிஃபையர் பெயர் சரியாக வாசிக்க வருகிறதா பாருங்கள். எழுத்தே இல்லையென்றால் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நிறத்தை நம்பவே வேண்டாம். மேடை விளக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், பழைய ஃபெண்டரின் மேல்பூச்சே வருடம் போகப் போக மஞ்சளாகும். வெள்ளை பாலாடை நிறமாகும், நீலம் பச்சையாகும். அதே பேஸ்தான், இருபது வருடம் கழித்து வேறு நிறம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் ஏமாற்றும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' போன்றவற்றில் பெரும்பாலும் ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைத்தார்கள். வயர் செருகாத பேஸை நிறையப் பார்க்கலாம். அந்தப் பாட்டில் கேட்பது அந்த பேஸ்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

எல்லாம் ஒத்துவந்த பிறகும் ஒரே மாடலில் இரண்டு பேஸ் வைத்திருப்பவர்களிடம் மாட்டிக்கொள்வோம். அப்போது கைகொடுப்பது காயங்கள்தான். எங்கே வர்ணம் பெயர்ந்திருக்கிறது, பெல்ட் கொக்கி உரசிய இடம், கட்டைவிரல் ஊன்றித் தேய்ந்த இடம், பிக்கார்டில் காணாமல் போன திருகு. மரத்தின் ரேகையும் அப்படித்தான், எந்த இரண்டு பலகைக்கும் ஒன்றாக வராது. கெடி லீயின் 1972 ஜாஸ் பேஸ், கலமசூ நகரத்து அடகுக் கடையில் 200 டாலருக்கு வாங்கியது, கறுப்பு உடலில் வெளிர் மேப்பிள் கழுத்தும் கறுப்புக் கட்டங்களும் உள்ளது. அதைப் பிரதி எடுத்து ஃபெண்டரே 1998 முதல் விற்கிறது. தூரத்தில் இரண்டும் ஒன்றுதான். தேய்மானம் மட்டும்தான் சாட்சி.

உங்கள் படத்துக்கு வருவோம். ஃபெண்டர்பேர்ட் என்பது உறுதி, அவர் வைத்திருந்த பலவற்றில் எது என்பதுதான் பாக்கி. படத்தின் தேதியும் ஊரும் எழுதியிருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிக்கார்ட் வெள்ளையா கறுப்பா, கழுத்தின் முகம் வெளிர் மேப்பிளா கருத்த ரோஸ்வுட்டா என்று பெரிதாக்கிப் பாருங்கள், அந்த இரண்டும் தெரிந்தால் மேற்கொண்டு போகலாம்.